நாய்க்கு ஸ்ரெரொயிட்: பயமும் வேண்டாம், பழக்கமும் வேண்டாம்

ஊரில் எங்கள் நாய் படலையடியில் கிடந்தது. மிஞ்சிய சோறும் மீன்முள்ளும் அதன் சாப்பாடு. சொறி வந்தால் வேப்பெண்ணெய் பூசினோம், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டோம். இன்று ஒஷாவாவிலும் விற்பியிலும் ஏஜக்ஸிலும் எம்மவர் வீடுகளில் நாய் பிள்ளைகளின் கட்டிலில் படுக்கிறது. அதற்கென்று வைத்தியர் இருக்கிறார், மருந்துப் புட்டி இருக்கிறது, காப்புறுதி கூட இருக்கிறது. ஆனால் அந்த மருந்தைப் பற்றிய விளக்கம் மட்டும் வீட்டில் எல்லோரையும் போய்ச் சேருவதில்லை. இதைப் பற்றியே இம்முறை நலவாழ்வுப் பகுதியில் எழுத விரும்புகிறோம்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருந்து முதற் பனி விழும் வரை தென் ஒன்ராறியோவில் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் காற்றில் நிறைந்திருக்கும். மனிதருக்குத் தும்மலும் கண்கடியும் வரும். ஒவ்வாமை உள்ள நாய்க்கோ அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும். பாதங்களை விடாமல் நக்கும், காதைச் சொறியும், வயிறும் கக்கமும் சிவக்கும், இரவில் தானும் தூங்காது, வீட்டாரையும் தூங்க விடாது. மிருக வைத்தியரிடம் கொண்டு போனால் பல தடவைகளில் கிடைப்பது ‘பிரெட்னிசோன்’ அல்லது ‘பிரெட்னிசொலோன்’ என்ற குளிசை. இது ஸ்ரெரொயிட் வகையைச் சேர்ந்தது. கனடாவில் ‘வனெக்ரில்-பி’ என்ற பெயரில் கிடைக்கும் நாய்க் குளிசையிலும் பிரெட்னிசொலோன் கலந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஸ்ரெரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் இரண்டு பிரிவாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பிரிவினர், “ஐயோ, அது நஞ்சு, குடுக்காதேங்கோ” என்பார்கள். மற்றப் பிரிவினர், “போன முறை ரெண்டு நாளிலை சுகம் வந்தது, மிச்சக் குளிசை இருக்குது, அதையே குடுங்கோ” என்பார்கள். எமது கருத்து, இரண்டு பிரிவினரும் நாய்க்குத் தீங்கு செய்கிறார்கள் என்பதே.

இது எந்த ஸ்ரெரொயிட்?

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் போட்டியில் கனடாவின் பென் ஜோன்சன் 100 மீற்றர் ஓட்டத்தில் வென்ற தங்கப் பதக்கம் ஊக்கமருந்துப் பாவனையால் பறிக்கப்பட்டது. அக்காலத்தில் ரொறொன்ரோவில் இருந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். ஸ்ரெரொயிட் என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்கும் பங்குண்டு. ஆனால் அது தசையை வளர்க்கும் வேறு வகை. நாயின் தோலுக்குக் கொடுக்கப்படுவது கோர்ட்டிசோன் குடும்பத்து மருந்து. எமது உடலிலும் நாயின் உடலிலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி இயற்கையாகவே சுரக்கும் பொருளுக்கு ஒப்பானது.

கோர்ட்டிசோன் முதன்முதலாக 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஆய்வுகளுக்காக கென்டல், ஹென்ச், றைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரெட்னிசோன் 1955இல் பாவனைக்கு வந்தது. எங்கள் வீடுகளில் ஆஸ்மாவுக்காகவும் மூட்டு வருத்தத்துக்காகவும் பெரியவர்கள் எடுத்த அதே மருந்துதான் இது. எழுபது வருடங்களுக்கு மேலாக வைத்தியர்களுக்குப் பழகிப்போன மருந்தை நஞ்சு என்று ஒதுக்குவது சரியல்ல.

நாயின் கடியைத் தணிப்பதில் இது விரைவாக வேலை செய்யும். ஒருநாள், இரண்டு நாளிலேயே மாற்றம் தெரியும். திடீரென்று கடுமையாகக் கிளம்பும் ஒவ்வாமைக்குக் குறுகிய காலம் கொடுப்பதை நாய்த் தோல்நோய் நிபுணர்களின் சர்வதேச வழிகாட்டிகளும் ஏற்றுக்கொள்கின்றன. வழமையான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். அதாவது 20 கிலோ நாய்க்கு 10 முதல் 20 மில்லிகிராம். இந்தக் கணக்கை இங்கே சொல்வது நீங்களே அளந்து கொடுப்பதற்கு அல்ல. அயல்வீட்டு நாயின் குளிசை உங்கள் நாய்க்குப் பொருந்தாது என்பதைக் காட்டுவதற்கே.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் ‘பிரவுணி’க்கு ஒரு இலையுதிர் காலத்தில் தோல் வருத்தம் வந்தது. மிருக வைத்தியர் பிரெட்னிசோன் எழுதித் தந்தார். முதற் கிழமை தினமும், பின்னர் ஆறு கிழமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது அவர் சொன்ன ஒழுங்கு. அவர் சொன்னதைக் கேட்டது எங்களுடன் வந்த மகன். புட்டியில் அது ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் பகலில் வீட்டில் நின்று குளிசை கொடுத்தது அம்மம்மா. அவருக்குச் சொல்லப்பட்டது “காலமை ஒண்டு குடுங்கோ” என்பது மட்டுமே. அவர் ஒருநாள் தவறாமல் தினமும் கொடுத்து வந்தார்.

நாய் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. காப்பெற்றில் சலம் விட்டது. எந்நேரமும் குசினி வாசலில் நின்றது. “பாவம், வாயில்லாச் சீவன், பசியோடை நிக்குது” என்று அம்மம்மா சோறும் இறைச்சியும் போட்டார். நாய் கொழுத்தது. எல்லாமே மருந்தின் விளைவு என்று எங்களுக்குத் தெரியவில்லை. புட்டி உரிய காலத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது. கடியும் இல்லை, மருந்தும் முடிந்தது, இனிப் போதும் என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் நாய் சத்தி எடுத்தது, சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை, எழும்ப முடியாமல் மூலையில் கிடந்தது.

வைத்தியர் எங்களைத் திட்டவில்லை. காரணத்தை மட்டும் சொன்னார். வெளியில் இருந்து தினமும் ஸ்ரெரொயிட் வரும்போது நாயின் அதிரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுரப்பி உடனே விழித்துக்கொள்வதில்லை. உடலுக்குத் தேவையானது வெளியில் இருந்தும் இல்லை, உள்ளே இருந்தும் இல்லை. சோர்வு, சத்தி, சிலவேளை மயங்கி விழுதல். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அளவைப் படிப்படியாகக் குறைப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் அந்தச் சுரப்பிக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதற்காகவே. பிரவுணி தப்பிவிட்டது. ஆனால் அது பட்ட பாடு எங்கள் வீட்டின் கவனக்குறைவால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மருந்தில் பிழை இல்லை, வைத்தியரிலும் பிழை இல்லை, அம்மம்மாவிலும் பிழை இல்லை. கேட்டவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர், இடையில் யாரும் வடிவாக விளங்கப்படுத்தவில்லை.

எமது வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, நாயைப் பார்ப்பது தாத்தாவும் அம்மம்மாவும். வைத்தியரோடு கதைப்பது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை. ஆகவே ஸ்ரெரொயிட் வீட்டுக்குள் வரும் நாளிலேயே ஒரு தாளில் திகதி போட்டு, எந்த நாள் எத்தனை குளிசை என்று தமிழில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். கொடுத்த நாளுக்கு நேரே கொடுத்தவரே அடையாளம் போடட்டும். காலையில் சாப்பாட்டோடு கொடுப்பது நல்லது. தண்ணீரை ஒருபோதும் மறைக்க வேண்டாம். அடிக்கடி வெளியே கூட்டிச் செல்லுங்கள். பசி என்று கேட்டாலும் சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம்.

நீண்டகாலம் கொடுத்தால்

சில நாட்களுக்குக் கொடுக்கும்போது வரும் தாகம், சலம், பசி, இளைப்பு என்பன மருந்து நின்றதும் போய்விடும். மாதக்கணக்கில் தினமும் கொடுத்தால் கதை வேறு. வயிறு பானைபோல் தொங்கும், தசை கரையும், தோல் மெலியும், மயிர் கொட்டும். சலப்பாதையில் கிருமித்தொற்று வரும், ஆனால் அதன் அறிகுறி வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். சில நாய்களுக்கு நீரிழிவும் வரலாம். கூடுதலாகச் சுரக்கும் அதிரீனலால் வரும் ‘குஷிங்’ நோயின் அதே தோற்றம் மருந்தாலும் வந்துவிடும். நீண்டகாலம் கொடுக்க வேண்டி வந்தால் இரத்தமும் சலமும் இடைக்கிடை பரிசோதிக்கப்பட வேண்டும். பல கிழமைகளுக்கு வேலை செய்யும் ஊசி சில இடங்களில் போடப்படுவதுண்டு. குளிசையைக் குறைக்கலாம், போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே ஊசி என்றால் ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

காரணத்தைத் தேடாமல் கொடுக்க வேண்டாம்

இதைவிடப் பெரிய பிழை, ஏன் கடிக்கிறது என்று பாராமல் கடியை மட்டும் அடக்குவது. நாயின் சொறிக்கு ஒவ்வாமை மட்டுமே காரணமல்ல. தெள்ளு இருக்கலாம். தோலில் பக்ரீரியா அல்லது ஈஸ்ற் தொற்று இருக்கலாம். ஒஷாவா ஓடைக்கரைப் பாதைகளிலும் டூறம் பிரதேசத்தின் பற்றைக் காடுகளிலும் நரியும் கொயோட்டியும் திரிகின்றன. அவற்றிடம் இருந்து சொறிப்பூச்சி நாய்க்குத் தொற்றலாம். அது வீட்டு மனிதருக்கும் கடியைத் தரும். படர்தாமரையும் அப்படியே தொற்றும். இவற்றுக்கு ஸ்ரெரொயிட் மட்டும் கொடுத்தால் இரண்டு நாள் சுகம்போல் இருந்து, உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் நோய் பெருகும். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது சில நிமிட வேலை. “தோலைச் சுரண்டிப் பார்த்தீர்களா?” என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உணவு ஒவ்வாமையும் உண்டு. நாய்களில் அதிகம் காணப்படும் உணவு ஒவ்வாமைகள் மாட்டிறைச்சி, பாற்பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவற்றுக்கே. இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, வைத்தியர் சொல்லும் ஒரே உணவை எட்டுக் கிழமைக்கு மட்டும் கொடுத்து, பின்னர் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. எங்கள் வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம் ஒன்றுதான். மேசைக்குக் கீழே ஒரு கை நீளும். ஒரு துண்டு றொட்டி, ஒரு கோழி எலும்பு போதும், எட்டுக் கிழமையும் வீண். கறியில் உள்ள வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு என்பதையும் சேர்த்து நினைவில் வைப்போம்.

மருந்து அலுமாரியைப் பூட்டுங்கள்

கொழும்பில் இருந்தோ சென்னையில் இருந்தோ வந்த ‘பெற்னோவேற்’ பூச்சு இல்லாத தமிழ் வீடு குறைவு. பரு, படை, கடி எல்லாவற்றுக்கும் அதையே பூசிப் பழகிவிட்டோம். அதுவும் ஸ்ரெரொயிட்தான், வலிமையான ஸ்ரெரொயிட். இந்தியாவில் இத்தகைய பூச்சுகளைக் கண்டபடி பாவித்து ஏராளமானோரின் தோல் கெட்டுப்போனதை அங்குள்ள தோல் வைத்தியர்கள் பல வருடங்களாக எச்சரித்து வந்தார்கள். 2018 மார்ச்சில் இந்திய அரசு 14 ஸ்ரெரொயிட் பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. அந்தப் பழக்கத்தை இப்போது நாயின் முதுகிலும் காட்டுகிறோம். நாய் பூசிய இடத்தை நக்கும். பூச்சு மருந்து வயிற்று மருந்தாகிவிடும்.

வேறு சில மருந்துகள் இன்னும் ஆபத்தானவை. சோரியாசிஸ் நோய்க்குப் பூசும் கல்சிப்போற்றியோல், தோல் புற்றுநோய்க்குப் பூசும் புளூரோயுராசில் ஆகியவற்றின் குழாயை நாய் கடித்து நக்கினால் உயிரே போகலாம். நாய் நொண்டுகிறது என்று அட்வில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அட்வில்லில் உள்ள ஐபுபுறோபின் தனியாகவே நாய்க்குக் கேடு. ஸ்ரெரொயிட்டோடு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் வரும். மிருக வைத்தியர் மூட்டுநோவுக்கு எழுதிய குளிசையைக் கூட ஸ்ரெரொயிட்டோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்க வேண்டாம்.

செலவைப் பற்றி வெளிப்படையாகக் கதைப்போம்

பிரெட்னிசோன் மலிவு. அதனாலேயே பலர் அதைவிட்டு விலகுவதில்லை. இன்று வேறு வழிகளும் உண்டு. ஒக்லசிற்றினிப் என்ற குளிசை, ‘அப்போகுவெல்’ என்ற பெயரில், 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பின்னர் கனடாவுக்கும் வந்தது. ஒரு வயதுக்குக் குறைந்த நாய்களுக்கு அது உகந்ததல்ல. ‘சைற்றோபொயின்ற்’ என்ற ஊசி கடியைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் தடுக்கிறது. பொதுவாக நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை போடப்படும். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் உண்டு, ஆனால் முழுப் பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். இவற்றுக்கும் பக்கவிளைவுகள் உண்டு, விலையும் கூட. எல்லாக் குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகாது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். “எங்களால் மாதம் இவ்வளவுதான் செலவழிக்க முடியும்” என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இதில் மானக்கேடு எதுவும் இல்லை. மகரந்தக் காலத்தில் மட்டும் குறைந்த அளவு ஸ்ரெரொயிட், மற்றக் காலத்தில் மருந்துக் குளிப்பு, வருடம் முழுவதும் தெள்ளு தடுப்பு என்று கையிருப்புக்கு ஏற்ற திட்டம் போட அவரால் முடியும். உலாவிவிட்டு வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைப்பதற்குச் செலவே இல்லை. மருந்துச்சீட்டை எழுத்தில் கேட்டு வாங்கி, பிரெட்னிசோனைச் சாதாரண மருந்துக்கடையில் விலை பார்த்து வாங்கவும் முடியும். பணத்துக்குப் பயந்து வைத்தியரிடம் போகாமல் பழைய புட்டியைத் திறப்பதுதான் கடைசியில் கூடிய செலவாக முடிகிறது.

வைத்தியரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. கடிக்குக் காரணம் என்ன, அதற்கு என்ன பரிசோதனை செய்தீர்கள்?
2. இந்த மருந்தில் ஸ்ரெரொயிட் இருக்கிறதா?
3. எத்தனை நாள், எப்படிக் குறைக்க வேண்டும்?
4. எந்த அறிகுறி வந்தால் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும்?
5. கடி திரும்பி வந்தால் அடுத்த வழி என்ன?

நாய் ஏற்கனவே எடுக்கும் எல்லா மருந்தையும், வீட்டில் பூசியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிலும் கோடைகால ஒன்றுகூடலிலும் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிய தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் கொடுக்கிறோம். அதோடு ஒரு பக்க மருந்து அட்டவணையையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் நாய்க்கு மட்டுமல்ல, அதே ஸ்ரெரொயிட்டை ஆஸ்மாவுக்கு எடுக்கும் தாத்தாவுக்கும் அது உதவும். அவரும் புட்டி முடிந்ததும் தானாகவே நிறுத்திவிடுகிறவர்தான்.

நாய் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லாது. நாங்கள் கொடுப்பதை நம்பி விழுங்கும். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக, கேட்டு, எழுதி, எண்ணி, உரிய நாளில் கொடுப்போம்.

(இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் நாய்க்குரிய மருந்தையும் அளவையும் உங்கள் மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.)